கொன்றை கொடுத்த ஒரு முழம்

அந்தக் காலத்தில் குதிரைகளுக்கு வாய் இருந்தது. இப்போதும் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். நான் பேசுகிற வாயைச் சொல்கிறேன். குதிரை பேசியது, ஓநாய் பேசியது, மைனா பேசியதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடலாம். குதிரையின் கால்களும் அப்போது வேறு மாதிரி. ஒவ்வொன்றும் இன்றைக்கு இருப்பதைவிட ஒரு முழம் நீளம். ஆனால் குட்டிக்கு? ஐயோ பாவம், நெல் மூட்டை கனத்துக்கு உடம்பும், அதற்குக் கீழே சாண் நீளத்தில் நாலு காலுமாகப் பிறக்கும். நாற்பது நாளைக்கு எழுந்திருக்காது. தாய்க்காரி அந்த நாற்பது நாளும் அசையாமல் காவல் நிற்க வேண்டும்.

அந்த மேட்டுப் புல்வெளியில் ஏழு ஊர்கள். கோடை முடிகிற சமயம் ஏழு ஊரும் ஆளுக்கொரு குதிரையை விட்டுப் பந்தயம் வைக்கும். கிழக்கே வேலமரத்தடியில் கிளம்பி, மேற்கே பெரிய ஏரியில் எந்தக் குதிரை முதலில் வாய் வைக்கிறதோ, அந்த ஊருக்குத்தான் அந்த வருஷம் ஏரிக்கரைப் புல். மற்ற ஆறு ஊருக்கும் மேட்டுக் காய்ந்த புல். கரையில் ஒருவர் நின்று, ஜெயித்த குதிரையின் பெயரை அப்பன் பெயரோடு சேர்த்துக் கூவுவார். ஏழு ஊரும் அதைத் திருப்பிக் கூவும்.

ஆண்குதிரை ஜெயித்தால் அந்தப் பெயர் நாலு தலைமுறைக்கு நிற்கும். பெண்குதிரை கதை வேறு. அவள் எவ்வளவு ஓடியிருந்தாலும் சரி, குட்டி போட்டு நாற்பது நாள் நின்றுவிட்டால் போச்சு. "அதுவா? அது குட்டி போட்டுடுச்சுப்பா" என்று முடித்துவிடுவார்கள். அடுத்த கோடைக்குள் பெயரே மறந்துபோகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு உயிர் தன் உடம்பில் இருப்பதை இன்னொரு உயிருக்குக் கொடுக்கலாம். ஆடு தன் வாலில் பாதியை மாட்டுக்குக் கொடுத்துவிட்டுக் குட்டை வாலோடு திரிவது அப்படித்தான். ஆனால் ஆயுசுக்கு ஒரு தடவைதான். கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. மனுஷப் பிறவி ஒருத்தர் பக்கத்தில் நின்று, "கொடுத்ததைக் கண்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அது செல்லும்.

ஏழு ஊரில் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் மாராயி. பிறந்த ஊரில் கழுதை வளர்ப்பவர்கள். அதனால் புகுந்த ஊரில் அவளுக்குக் 'கழுதைக்காரி' என்றே பெயர். ஆள் ஈர்க்குச்சி. வாய் மட்டும் ஊருக்கே போதும். கனம் குறைவு என்று அவளைத்தான் பந்தயக் குதிரை மேல் ஏற்றுவார்கள். அந்தக் குதிரை கொன்றை. பூ நிறத்து மேனி. மூன்று கோடையாகத் தொடர்ந்து ஜெயித்தவள். அவள் கிளப்பிய புழுதி அவள் மேல் படாது, அவ்வளவு வேகம். மாராயியை அவள் அக்கா என்பாள். மாராயி அவளை என்ன வேண்டுமானாலும் சொல்வாள்.

நான்காம் கோடையில் கொன்றை நிறைசூலி.

"அக்கா, இந்தத் தடவையும் நான்தான் ஓடுவேன்" என்றாள் கொன்றை.

"வயித்தைப் பாருடி, பானை மாதிரி இருக்கு. ஓடுறாளாம்!"

"இதோட என் ஓட்டம் முடிஞ்சுது. அடுத்த வருஷம் என் பேரு யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடைசியா ஒரு தடவை அந்தக் கரையில என்னைக் கூப்பிடக் கேட்கணும். எனக்கு வேற ஆசை இல்லைக்கா."

மாராயி, கொன்றை சூல் கொண்டதிலிருந்து மாதத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்த கயிற்றை எடுத்து எண்ணினாள். பதினொன்று. அந்தக் கணக்கு அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. கழுதைக்குச் சினைக்காலம் பன்னிரண்டு மாதம். குதிரைக்கும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள். குதிரைக்குப் பதினொன்றுதான் என்று அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்டால் 'கழுதைக்காரி புத்தி' என்று சிரிப்பார்களே! அதனால் கேட்கவில்லை. கொன்றைக்கும் இது தலைச்சூல், அவளுக்கும் தெரியாது.

"சரி, இன்னும் ஒரு மாசம் இருக்கு. ஓடு. ஆனா வயித்துல ஒரு சுருக்கு வலிச்சாலும் நிக்கணும், ஆமா" என்றாள் மாராயி.

காலையில் வேலமரத்தடியிலிருந்து ஏழு குதிரைகளும் கிளம்பின. கொன்றை சூலியாக இருந்தும், அவள் பாதி வெளி தாண்டுவதற்குள் மற்ற ஆறும் பின்னால் புள்ளியாகிவிட்டன. மாராயி பிடரியைப் பிடித்துக்கொண்டு, "அடி என் ராசாத்தி, அடி என் தங்கம்" என்று கத்திக்கொண்டே போனாள். மேற்கே ஏரி பளபளப்பது தெரிந்தது. அந்த நேரத்தில்தான் கொன்றை நின்றாள்.

"அக்கா, இறங்கு."

"என்னடி ஆச்சு?"

"வந்துடுச்சு."

மாராயி குதித்து இறங்கிப் பார்த்தாள். பனிக்குடம் உடைந்திருந்தது. தன் தப்பு அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். மற்ற குதிரைகள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போயின. ஒன்றுகூட நிற்கவில்லை. ஏரிக்கரைப் புல்லை விட்டுவிட்டு யார் நிற்பார்கள்?

குட்டி பிறந்தது. பெண்குட்டி. அம்மா நிறமே. சாண் நீளக் கால்களை மடக்கிக்கொண்டு புழுதியில் கிடந்து மூச்சு விட்டது.

பந்தயத்தன்று குதிரைகளுக்குப் பின்னாலேயே ஓநாய்களும் வரும். விழுந்தது, நொண்டியது ஏதாவது கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்கும் இருபது வந்தன. வட்டமாக உட்கார்ந்தன. மூத்த ஓநாய் ரொம்ப மரியாதையாகப் பேசியது.

"நாங்க அவசரப்படலைம்மா. நீங்க ரெண்டு பேரும் தாராளமாப் போகலாம். வழி விடுறோம். குட்டியை மட்டும் விட்டுட்டுப் போங்க."

"வாடா, கிட்ட வந்து பாரு! மூஞ்சியைப் பேத்துடுவேன்!" என்று மாராயி கையில் இருந்த கம்பை ஓங்கினாள். பிறகு குட்டியைத் தூக்கப் பார்த்தாள். முதல் தடவை அசையவே இல்லை. இரண்டாம் தடவை முழங்கால் வரை தூக்கிவிட்டுக் குட்டியோடு சேர்ந்து விழுந்தாள். ஓநாய்கள் ஓர் அடி கிட்டே நகர்ந்து உட்கார்ந்தன. ஒரு குதிரையும் ஒரு பெண்ணும் இருபது ஓநாயை எவ்வளவு நேரம் தடுக்க முடியும்? நாற்பது நாள் என்ன, பொழுது சாயும் வரைகூடத் தாங்காது.

கொன்றை குட்டியை முகர்ந்து பார்த்தாள். "அக்கா, என் காலைக் கொடுக்கப் போறேன்" என்றாள்.

"என்னது?"

"காலுக்கு ஒரு முழம். நாலு காலுக்கும். நீ கண்டேன்னு சொல்லு."

"வாயைக் கழுவுடி! உன் காலு உன் காலா? ஊரோட காலு. மூணு வருஷமா ஏழு ஊரும் அண்ணாந்து பார்த்த காலு. என் வாயால நான் எப்படிச் சொல்லுவேன்?"

"என் புள்ளை மண்ணுல கெடக்குக்கா."

மாராயி அழுதாள். அவளுக்கு அழத் தெரியும் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. "என்னாலதானேடி இது. பன்னிரண்டுன்னு எண்ணிட்டேன். உன்னை நான்தானே கூட்டிட்டு வந்தேன்."

"ஓடணும்னு கேட்டது நான். எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு. இப்ப அதைவிடப் பெரிசா ஒண்ணு இருக்கு. சொல்லுக்கா, அதுங்க எழுந்திரிக்குதுங்க."

கொன்றை குனிந்து குட்டியின் முன்னங்காலை நக்கினாள். மெதுவாக, முழங்காலிலிருந்து குளம்பு வரை. நக்க நக்கக் கால் நீண்டது. பிறகு அடுத்த முன்னங்கால், பிறகு பின்னங்கால்கள். கல் மேல் ஏறி நின்றால்தான் மாராயிக்கு எட்டும் கொன்றையின் முதுகு, அவள் கண் முன்னால் தாழ்ந்துகொண்டே வந்தது. தோளுக்கு வந்தபோது நின்றது. மாராயி அந்த முதுகின் மேல் கையை வைத்து, "கொடுத்ததைக் கண்டேன்" என்று ஏழு ஊருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

குட்டி எழுந்தது. முதல் தடவை முகம் குப்புற விழுந்தது. இரண்டாம் தடவை பின்பக்கம் எழுந்தது, முன்பக்கம் எழவில்லை. ஓநாய்கள் பாய்ந்து வந்தன. மூன்றாம் தடவை நாலு காலும் ஊன்றி நின்று, நடுங்கி, தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று ஒரு நொடி ஆச்சரியப்பட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. ஓநாய்களுக்குப் பிஞ்சுக் கறி மேல்தான் கண். இருபதும் அதைத் துரத்தின. குட்டி வெளியை நாலு சுற்றுச் சுற்றியது. நாலாம் சுற்றில் ஓநாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டன.

"இது நியாயமே இல்லை. குட்டின்னா படுத்துக் கெடக்கணும்" என்றது மூத்த ஓநாய்.

மூன்று பேரும் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறு ஊர்க் குதிரை தண்ணீர் குடித்து, பெயர் கூவி முடிந்து, கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் மாராயியின் ஊருக்குக் காய்ந்த புல்தான். குதிரைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. தண்ணீர் எடுக்கிற இடத்தில், மந்தை ஓட்டுகிற இடத்தில், எல்லோரும் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். மாராயி, "தப்பு என்னுதுதான்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது ஊருக்குப் பழக்கமில்லாததால் கொஞ்ச நாளில் திட்டுகிறவர்களுக்கே அலுத்துப்போனது.

கொன்றையால் அதற்குப் பிறகு மற்றவர்களோடு சமமாக ஓட முடியவில்லை. மந்தையில் எல்லோருக்கும் கடைசியில் வருவாள். ஒருநாள் மாராயி அவள் கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "வருத்தமா இருக்காடி?" என்று கேட்டாள்.

"இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். காத்து அடிக்கிறப்ப காலு துடிக்குது. ஆனா அவ ஓடுறதைப் பார்க்கிறப்ப, நான் ஓடினப்பகூட இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்லைக்கா."

குட்டிக்கு அரும்பு என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் கோடையில் அரும்பு பந்தயத்துக்கு நின்றாள். மாராயிதான் மேலே. மகள் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று கொன்றை விடியற்காலையிலேயே ஏரியைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள். ஆனாலும் பாதி வழியில் அவளைக் குதிரைகள் தாண்டிப் போயின. முதலில் தாண்டியது அரும்பு. என்ன வேகம் என்கிறீர்கள்! அம்மா நின்று பார்ப்பதற்குள் மகள் ஏரியில் வாய் வைத்துவிட்டாள்.

கரையில் கூவுகிறவர் பொன்னடைக்கன் என்கிற பெரியவர். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்பன் பேரு என்ன தாயி?" என்று கேட்டார்.

அரும்பு தண்ணீரிலிருந்து முகத்தை எடுத்தாள். "அம்மா பேரைச் சொல்லுங்கய்யா."

"அப்படி வழக்கம் இல்லையே."

"இந்தக் கால் எனக்கு அப்பன் கொடுத்ததில்லை. அம்மா தன் காலில் இருந்து எடுத்துக் கொடுத்தது. வேற பேரு சொன்னா நான் குடிச்ச தண்ணியைத் துப்பிடுவேன்."

கூட்டம் சலசலத்தது. தண்ணீரைத் துப்பினால் பந்தயமே செல்லாது. பெரியவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். மாராயி கீழே குதித்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கொடுத்ததைக் கண்டவ நான். ஏழு ஊரும் என்னைக் கழுதைக்காரின்னு சொல்லிக்கங்க, எண்ணத் தெரியாதவன்னு சொல்லிக்கங்க. அவ பேரை மட்டும் சொல்லிடுங்க."

பெரியவர் அவளையும் பார்த்தார், அரும்பின் கால்களையும் பார்த்தார். பிறகு மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு கூவினார்.

"கொன்றை மகள் அரும்பு!"

ஏழு ஊரும் திருப்பிக் கூவியது. "கொன்றை மகள் அரும்பு! கொன்றை மகள் அரும்பு!" மாராயி அங்கே நிற்கவில்லை. வந்த வழியே திரும்பி ஓடினாள். வெகுதூரத்தில் கொன்றை வெயிலில் தனியாக, காதை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா, யாரோ என் பேரைச் சொல்றாங்க" என்றாள். "எதுக்குக்கா கூப்பிடுறாங்க? நான் இன்னும் வந்து சேரவே இல்லையே?"

மாராயி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அதைப் பார்த்து மற்ற தாய்க்குதிரைகளும் ஆளுக்கு ஒரு முழம் கொடுக்கத் தொடங்கின. போகப்போக வயிற்றில் வைத்தே கொடுத்து அனுப்பப் பழகிக்கொண்டன. அன்று முதல்தான் குதிரைக்குட்டி தாயின் காலுக்குக் கிட்டத்தட்டச் சமமான காலோடு பிறந்து, பிறந்த சூடு ஆறுவதற்குள் எழுந்து ஓடுகிறது. அன்று முதல்தான் பந்தயக் குதிரைக்காரர்கள் அப்பன் ஒருவனாக இருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்காமல், ஒரு தாய் வயிற்றில் பிறந்தவற்றை மட்டுமே உடன்பிறப்பு என்கிறார்கள். எப்போதோ ஓடி ஓய்ந்த பெண்குதிரைகளின் பெயர்களை, அவர்களுடைய மகளும் பேத்தியும் ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.