கண் எடுக்காத மாப்பிள்ளை

அயர்லாந்தில், மழை ஓய்ந்த நாளே விழாநாளாகக் கருதப்படும் ஒரு சிற்றூரில், கோர்மக், டெக்லன், ஃபின்டன் என்று மூன்று சகோதரர்கள் வாழ்ந்தார்கள். மூவருக்கும் பொதுவாக இறைவன் ஒரே மூளையைத்தான் அனுப்பினான். அதுவும் வழியில் நனைந்துபோயிற்று.

இளையவன் ஃபின்டனுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மணப்பெண் ஊனாவின்மேல் அவன் உயிரையே வைத்திருந்தான். ஆனால் அவளுடைய தந்தை மர்ட்டா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தங்க மோதிரம் இல்லாமல் தேவாலய வாசலை மிதிக்காதே."

பிறகு மனமிரங்கி வழியும் சொன்னார்: "வேலியோரம் லெப்ரகான் உட்கார்ந்திருப்பான். முழ உயரக் கிழவன். தேவதைகளுக்குச் செருப்புத் தைப்பவன். குடம் குடமாகத் தங்கம் புதைத்து வைத்திருக்கிறான். கண்டால் கண்ணை எடுக்காதே, எடுத்தாயோ, மறைந்துவிடுவான்!"

சனிக்கிழமை விடிந்ததும் சகோதரர்கள் புறப்பட்டார்கள். முள்வேலியின் அடியில் டொக்கு டொக்கென்று சுத்தியல் ஓசை. லெப்ரகான் ஒற்றைச் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஃபின்டன் எதிரில் அமர்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

"அண்ணே, கண் எரியுதே. இமைக்கலாமா?"

கோர்மக் நெடுநேரம் சிந்தித்தான். "ஒவ்வொரு கண்ணாக மூடு. மற்றது காவலிருக்கட்டும்."

ஃபின்டன் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினான். லெப்ரகானுக்குச் சினம் பொங்கியது. "தாடி நரைத்த கிழவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறாயே, வெட்கமாயில்லை? பின்னால் பார், முட்டுகிற காளை வருகிறது!"

"நான் பார்க்கக் கூடாது. அண்ணே, நீங்கள் பாருங்கள்."

டெக்லன் பார்த்தான். "காளை எதுவும் காணோமே."

"வருகிறது என்றுதானே சொன்னார்? வந்துவிட்டது என்றா சொன்னார்?" என்றான் கோர்மக். மூவரும் காளைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

ஊரையே ஏமாற்றிய லெப்ரகான் அன்றுதான் தோற்றான். பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து ஃபின்டனின் கையில் திணித்தான். "தொலையுங்கள்! இப்போதாவது கண்ணை எடு."

"எப்போது எடுக்கலாம் என்று மாமா சொல்லவில்லையே."

ஆகவே டெக்லன் லெப்ரகானை ஏந்திக்கொண்டு பின்னோக்கி நடந்தான். ஃபின்டன் பார்த்தபடியே தொடர்ந்தான். வழியில் டெக்லன் ஓடையில் விழுந்தான். கண்ணை எடுக்கக் கூடாதே என்று ஃபின்டனும் விழுந்தான்.

தேவாலயத்தில் ஊனா வெண்பட்டில் நின்றாள். "ஃபின்டன், ஒரு தடவை என்னைப் பாரேன்."

"ஆசைதான் ஊனா. உன் அப்பா விடமாட்டேன் என்கிறாரே."

வயது முதிர்ந்த பாதிரியார் நூலிலிருந்து தலையை உயர்த்தாமலே, "உன் கண்ணெதிரே இருப்பவருக்கு மோதிரத்தை அணிவிப்பாயாக" என்றார்.

ஊனாவுக்குப் போடத்தான் ஃபின்டனுக்கு ஆசை. ஆனாலும், பாதிரியார் சொல்லைத் தட்டலாமா? மோதிரத்தை லெப்ரகானுக்குப் போட்டான். அது விரலைத் தாண்டி, மணிக்கட்டைத் தாண்டித் தோளில் போய் நின்றது. "இனி நீங்கள் கணவன் மனைவி" என்று பாதிரியார் நூலை மூடினார்.

"அட மடையா, கண்ணை எடுடா!" என்று மர்ட்டா அலறினார்.

ஃபின்டன் உடனே எடுத்தான். லெப்ரகான் மோதிரத்தோடு மாயமானான்.

"ஐயோ! கல்யாணமான நிமிடமே பெண் ஓடிவிட்டாளே!" என்று கோர்மக் தலையில் அடித்துக்கொண்டான்.

"தாடியைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்" என்றான் டெக்லன்.

ஃபின்டன் தேம்பித் தேம்பி அழுதான். ஊனாவுக்கு மனம் தாங்கவில்லை. தன் முக்காட்டால் அவன் கண்ணீரைத் துடைத்தாள்.

"அழாதே, ஃபின்டன். நல்ல குணமுள்ளவளாயிருந்தால் நின்றிருக்கமாட்டாளா? இந்த ஊரில் உனக்கு வேறு பெண்ணா கிடைக்காது? வா, நானே தேடித் தருகிறேன்."