ஒரே பெயரில் இரண்டு

குறிஞ்சிக்கோடு நாட்டுக்குக் கணினி வந்துவிட்டது; அரசர் மட்டும் போகவில்லை. அரசர் விசயேந்திரர் அதே சிம்மாசனத்தில், அதே மீசையோடு ஆண்டுகொண்டிருந்தார். கோட்டைக் கதவைத் திறப்பது முதல் யானைக்குக் கவளம் அளப்பது வரை எல்லாம் அரண்மனைக் கணினியின் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சிவெயிலில் அரசர் வேட்டையிலிருந்து திரும்பினார். கதவு திறக்கவில்லை. தம்முடைய கோட்டைக்கு வெளியே, குதிரைமேல் உட்கார்ந்தபடி இரண்டு மணி நேரம் காய்ந்தார். கடைசியில் பதினாறு பேர் கூடிக் கதவைத் தள்ளித் திறந்தார்கள்.

உடனே சபை கூடியது. அரசருக்கு யோசனையும் சொல்லி, சிரிப்பும் மூட்டிப் பிழைக்கிற நப்பாலன் தூண் ஓரமாக நின்றுகொண்டான். சிரிப்பு வந்தால் மறைக்க அதுதான் வசதி.

பண்டகசாலை அதிகாரி தாண்டவராயர் முன்னே வந்தார். அரண்மனைக் கணினியில் ஏறும் ஒவ்வொரு மென்பொருளையும் சோதித்து, முத்திரை வைத்து அனுப்புவது அவர் பொறுப்பு.

"அரசே, கதவு நிரல் நேரம் பார்ப்பதற்கு ஒரு நூலகத்தை நம்பியிருக்கிறது. நான் சோதித்து வைத்த பதிப்பு. அதன்மேலேயே ஆதிரை புதுப் பதிப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். கதவு நிரலுக்கு ஒன்றும் புரியவில்லை. நின்றுவிட்டது."

நூலகம் என்றதும் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் எழுதிவைத்த நிரலைப் பலரும் எடுத்துப் பயன்படுத்துவதால் அதற்கு அப்படிப் பெயர்.

நிரலாளர்களின் தலைவி ஆதிரை எழுந்தாள். "பண்டகசாலையில் கேட்டால் நாற்பது நாள் ஆகும் என்கிறார் ராயர், அரசே. எங்கள் நிரல்மொழிக்கென்று தனிச் சந்தை இருக்கிறது. கேட்ட நொடியில் புதுப் பதிப்பு வரும். அது இல்லாமல் வெள்ள எச்சரிக்கை நிரல் ஓடாது. ஆற்றில் இப்போதே தண்ணீர் ஏறுகிறது."

"போன வருடம் அதே சந்தையிலிருந்து வந்த ஒரு மென்பொருள் பொதி, கஜானாப் பூட்டின் ரகசிய எண்ணைப் பகைநாட்டுக்கு அனுப்பப் பார்த்தது. பிடித்தது நான்" என்றார் ராயர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதுதான் தொல்லை என்று நப்பாலன் நினைத்துக்கொண்டான்.

"கதவும் திறக்க வேண்டும், எச்சரிக்கையும் ஓட வேண்டும்" என்றார் அரசர்.

ராயருக்கு நப்பாலன்மேல் பழைய கசப்பு ஒன்று உண்டு. குனிந்து வணங்கிச் சொன்னார்: "இரண்டு பதிப்புக்கும் ஒரே பெயர். பண்டகசாலைச் சட்டப்படி ஒரு பெயரில் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கியே ஆக வேண்டும். சட்டத்தையும் மீறாமல், இருவரையும் நோகடிக்காமல் வழி சொல்ல நம் நப்பாலனைவிட யார் இருக்கிறார்கள்?"

அரசருக்கு இன்னும் வெயில் இறங்கவில்லை. "நாளைக் காலை வழி சொல், நப்பாலா. இல்லையென்றால் இனிமேல் அந்தக் கதவைத் தினமும் தள்ளித் திறக்கப்போவது நீதான்."

நப்பாலன் தன் ஒல்லிக் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

சபை கலைந்ததும் ஆதிரையிடம் போனான். "இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைக்க முடியாதா, அம்மா?"

"தாராளமாக முடியும். ராயர் ஒப்ப மாட்டார். அவர் வாயால் சரி என்று வந்தால்தான் நடக்கும்."

"அவர் வாயால்தானே?" என்று கேட்டுவிட்டு நப்பாலன் நேராக அந்தப்புரத்துக்கு நடந்தான்.

மறுநாள் சபையில் மூத்த அரசி செண்பகவல்லியும் இளைய அரசி மரகதவல்லியும் வந்து அமர்ந்திருந்தார்கள். நப்பாலன் அழைத்திருந்தான். அரசர் புருவத்தை உயர்த்தினார்.

"ராயரே, ஒரு பெயரில் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கியே ஆக வேண்டுமா?" என்றான் நப்பாலன்.

"ஆக வேண்டும்."

"எங்கேயும்?"

"அரண்மனைக்குள் எங்கேயும்."

"அப்படியானால் ஒரு சந்தேகம். இந்த அரண்மனையில் மகாராணி என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எவரை நீக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்."

ராயர் இடப்பக்கம் பார்த்தார். செண்பகவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் பார்த்தார். மரகதவல்லியும் அப்படித்தான். ராயரின் தலைப்பாகை நனைந்தது.

"அது... இருவருமே இருக்கலாம்" என்றார்.

"மோதிக்கொள்ள மாட்டார்களா?"

"எப்படி மோதுவார்கள்? இருவருக்கும் தனித்தனி மாளிகை. தனித்தனிச் சமையல். வாசலில் யாருடையது என்று பெயர்ப்பலகை இருக்கிறது. இங்கே இருப்பவர் அங்கே போய் ஒரு கரண்டியைக்கூட நகர்த்த மாட்டார்." உயிர் தப்பினால் போதும் என்று ராயர் கடகடவென்று சொல்லிமுடித்தார்.

நப்பாலன் எழுத்தரிடம் திரும்பினான். "ராயர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும். அரசே, இதுதான் வழி. கணினிக்குள் ராயர் சோதித்தவை அரண்மனை அறையில் இருக்கட்டும். சந்தைச் சரக்கு ஆதிரையின் தனி அறையில் இருக்கட்டும்; கஜானாவின் ரகசிய எண் அந்த அறைக்குள் போகவே வேண்டாம். ஒவ்வொரு பொதியிலும் கொண்டுவந்தவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். கொண்டுவராதவர் அதைத் தொடக்கூடாது."

ராயர் வாயைத் திறந்தார். தம் வார்த்தைகளையே எழுத்தரின் ஏட்டில் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஆதிரை அங்கேயே அறைகளைப் பிரித்து வைத்தாள். கோட்டைக் கதவு திறந்தது. சற்று நேரத்தில் வெள்ள எச்சரிக்கை மணியும் ஒலித்தது. ஆற்றங்கரை மக்களை மேட்டுக்கு அழைத்துவர வீரர்கள் அந்தக் கதவு வழியாகவே விரைந்தார்கள். ஒருவருக்கும் சேதமில்லை.

சபை எழப்போன நேரத்தில் செண்பகவல்லி கேட்டார்: "எல்லாம் சரி, நப்பாலா. எங்கள் இருவரில் பழைய பதிப்பு யார் என்று சொல்லாமல் போகிறாயே?"

இளைய அரசியும் பதிலுக்குக் காத்திருந்தார். ராயரின் முகத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

நப்பாலன் கைகட்டி நின்றான். "மகாராணி, இங்கே பழைய பதிப்பு ஒன்றே ஒன்றுதான். சிம்மாசனத்தில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கத்தான் யாருக்கும் அனுமதி இல்லை."

முதலில் சிரித்தவர்கள் இரண்டு அரசிகளும்தான். அரசர் தம் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார். அவரும் வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி நப்பாலனுக்குப் போட்டார்.