சத்தமில்லாமல் விழுங்கும் வாசல்

"குப்பை அனுப்புறவனைக்கூட மன்னிச்சிரலாம் அம்மா. அவனுக்கு இடத்தைக் கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கானே, அந்த இன்டர்நெட் கம்பெனிக்காரன், அவன்தான் பெரிய அயோக்கியன்" என்று பொரிந்தார் செவத்தையா.

மலை மடத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சொல்லிக்கொடுத்தவர் நாச்சியாரம்மா. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

மூடுபனிக்குள் அந்த இயந்திரம் தேன்கூடு மாதிரி முனகிக்கொண்டே இருக்கும். மெயில்கள் ஈசலாய் வந்து விழும். லாட்டரிப் பரிசு, லேகியம், வழுக்கைக்கு எண்ணெய். எல்லாம் அந்த ஒரே கம்பெனியின் முகவரிகளிலிருந்து.

"புகார் எழுதினீரா?"

"கை ஓய எழுதியாச்சு. கிணத்துல கல்லைப் போட்டாலாவது சத்தம் கேக்கும்."

"அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

செவத்தையாவின் குரல் இறங்கியது. "தங்கச்சி மரகதம் எழுதுறேன்னு சொல்லி விட்டிருக்கா. வீட்டுச் சண்டைக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. இந்தக் குப்பைக்குள்ள அது புதைஞ்சு போச்சுன்னா? அந்தக் கம்பெனியையே மொத்தமா அடைச்சிடப் போறேன்."

"உம்ம வாசல். உம்ம இஷ்டம்."

செவத்தையா அந்தக் கம்பெனியின் முகவரிகள் அத்தனைக்கும் கதவைச் சாத்தினார். வந்ததைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், சத்தமில்லாமல் விழுங்கிவிடு என்று சர்வருக்குக் கட்டளையிட்டார். திருட்டுப் பயலுக்கு என்ன பதில் வேண்டிக்கிடக்கிறது?

ஈசல் நின்றது.

திரை, பனி இறங்கிய ஏரி மாதிரி கிடந்தது. அதன் கரையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக ஒரு மேகம் உள்ளே வரும், மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போகும். வாசல் வேங்கை மரம் பூத்தது. உதிர்ந்தது.

மரகதம் எழுதவில்லை.

"வீம்புக்காரி" என்றார். "அப்படியே எங்க அப்பா."

ஒரு மத்தியானம் நாச்சியாரம்மா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மரகதம் மடத்துக்குப் போன் போட்டா. எழுதி எழுதிப் பாத்தாளாம். ஒண்ணுகூட திரும்பி வரலையாம். அப்ப அண்ணன் படிச்சிட்டுத்தான் பேசாம இருக்காருன்னு புரிஞ்சுக்கிட்டாளாம். இனிமே எழுத மாட்டேன்னு சொல்லச் சொன்னா."

"எனக்கு ஒண்ணும் வரலையே அம்மா."

"அவ ஊர்ல இன்டர்நெட் யாரு கொடுக்கிறது?"

செவத்தையாவின் முகம் வெளுத்தது. அந்தக் காட்டோர ஊரில் இருப்பது அவர் கதவைச் சாத்திய அதே கம்பெனி ஒன்றுதான்.

"பாருங்க, இதுவும் அவனாலதான்" என்று மேசையில் அடித்தார்.

"அவன் அப்படி என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யலை, அதானே வயித்தெரிச்சல். என் புகாருக்கு முடியாதுன்னு சொல்லியிருந்தா மல்லுக்கட்டியாவது பேரம் பேசியிருப்பேன். எழுதுறதும் ஒரு மனுஷ ஜென்மம்தானே? போய்ச் சேந்துச்சா, சேரலையான்னு தெரியாம தவிக்க விடலாமா? போடான்னாவது ஒரு வார்த்தை திருப்பி அனுப்பக் கூடாதா?"

நாச்சியாரம்மா முனகிக்கொண்டிருந்த சர்வரைத் திரும்பிப் பார்த்தார்.

இருவருக்கும் நடுவே ஒரு மேகம் மெல்ல நுழைந்தது. அது விலகுவதற்குள், செவத்தையாவுக்குத் தான் கேட்ட கேள்வி தன் காதிலேயே விழுந்துவிட்டது.