வஸ்தியான் வாயடைத்த மத்தியானம்

வண்டிகளுக்கு வாய் இருந்த காலம் அது. மாடு பேசும், மாடு இழுக்கிற வண்டியும் பேசும். சைக்கிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாய் மூடாது. மேடு வந்தால் புலம்பும், இறக்கம் வந்தால் பாட்டு. எதிரே இன்னொரு சைக்கிள் வந்துவிட்டால் தொலைந்தோம். இரண்டும் ஊர்க்கதை பேசி முடிக்கும்வரை ஓட்டுகிறவர்கள் இறங்கி வெயிலில் நிற்க வேண்டியதுதான். இன்றைக்கு ரோட்டில் போகிறதுகளைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறவில்லை. எல்லாம் ஊமை. ஹாரன் அடிப்பதைப் பேச்சு என்று சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அப்போது ஒரு கடற்கரை ஊரில் செசிலி என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். உப்பளத்துக் குடிசைகளில் பிறக்கிற பிள்ளைகளை முதலில் தொடுகிற கை அவளுடையது. அவளுக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை. வீட்டில் பேச்சுத்துணைக்கு இருந்தது ஒரு சைக்கிள்தான். அதற்கு வஸ்தியான் என்று பெயர் வைத்திருந்தாள். சமைக்கும்போதும் அதை உருட்டிக்கொண்டுபோய் அடுப்பங்கரைப் பக்கம் நிறுத்திக்கொள்வாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது அடிபட்டு, ‘காயம்’ என்றோ ‘புண்’ என்றோ ஒரு சொல் வெளியே வந்துவிட்டால் போதும், தெருவே வேலையைப் போட்டுவிட்டு விசாரிக்க வந்துவிடும். எப்படிப் பட்டது, எந்த இடத்தில் பட்டது என்று அடிபட்டவர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வந்தவர்கள் உச்சுக்கொட்ட வேண்டும். கடைசி ஆள் வந்து கேட்டு முடிக்கும்வரை மருந்து போடக்கூடாது. போட்டால், ‘நான் பார்க்கிறதுக்குள்ளே கட்டிட்டியா? அப்போ நான் வேத்தாளா?’ என்று ஆயுசுக்கும் பேசமாட்டார்கள். மனிதருக்கு என்ன மரியாதையோ அதுவேதான் வண்டிக்கும். அன்பான வழக்கம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒருநாள் மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். உப்பளத்திலிருந்து பேச்சித்தாயின் புருஷன் சுடலைமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“அக்கா, பேச்சித்தாய்க்கு வலி கண்டுட்டு. பிள்ளை குறுக்கே கிடக்காம். சீக்கிரம் வாங்கக்கா!”

பேச்சித்தாய்க்கு இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள், இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் செசிலி நடந்தே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அந்தத் துக்கம் தாங்காமல்தான் அவள் சைக்கிளே வாங்கினாள்.

ஏறி மிதித்தாள். தெருமுனை திரும்பவில்லை, ஓர் உடைமரத்து முள் வஸ்தியானின் முன்சக்கரத்தில் ஏறிவிட்டது.

“ஐயோ அம்மா! என் கால்ல புண்ணு!” என்று அது கத்தியது.

சொல்லக்கூடாத சொல் வந்துவிட்டது. மீன்வண்டி மீனை அப்படியே விட்டுவிட்டு உருண்டு வந்தது. மாட்டு வண்டிகள் நான்கு வந்தன. தண்ணீர் வண்டி வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தது. வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் நகர்கிற மாதா கோயில் சப்பரம், “நான் வர்றவரைக்கும் கட்டிடாதீங்க” என்று சொல்லி அனுப்பியது. திருநாளுக்கோ இன்னும் மூன்று மாதம் கிடந்தது!

“எங்கேய்யா குத்திச்சு? முதல்லேருந்து சொல்லு” என்றது மீன்வண்டி. வஸ்தியானும் மூக்கைச் சிந்திக்கொண்டு, காலையில் எழுந்ததிலிருந்து ஆரம்பித்தது.

செசிலி அழாக்குறையாகத் தெருமுனைக் கடையைப் பார்த்தாள். அங்கே வண்டி பழுது பார்க்கிற மீரான் இருந்தான். முன்பு துறைமுகத்தில் பெட்டி தூக்கியவன்.

“மீரான், ஏதாவது பண்ணுடா. இந்தப் பிள்ளையும் போச்சுன்னா அவ உசிரோட இருக்க மாட்டா.”

மீரான் தயங்கினான். “ஒரு வழி இருக்குக்கா. கப்பல்ல ஒரு வெள்ளைக்காரன் வருவான். பெட்டி நசுங்கியிருந்தா ‘டேமேஜ்’ம்பான். பீப்பா ஒழுகினா ‘லீக்’. வண்டி ரப்பர்ல ஓட்டைன்னா ‘பஞ்சர்’. சொல்லிட்டு அடுத்த சாமானுக்குப் போயிடுவான். ஒரு உச்சு கொட்ட மாட்டான். அந்தச் சொல்லைக் கேட்டா இங்கே யாருக்கும் அழத் தெரியாது. ஆனா...”

“ஆனா என்னடா?”

“அந்தச் சொல் பட்ட வண்டி எதுவும் அதுக்குப் பிறகு வாயே திறந்ததில்லைக்கா.”

செசிலி வஸ்தியானைத் திரும்பிப் பார்த்தாள். வஸ்தியான் கதையை நிறுத்திவிட்டது. அதற்குக் காது கொஞ்சம் கூர்மை.

“சொல்லச் சொல்லுக்கா” என்றது.

“நீ சும்மா இருடா ராசா.”

“அந்த ரெண்டு பிள்ளைங்களைப் பத்தி எத்தனை நாள் எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதிருக்கே? மூணாவதுக்கும் என்னால அழ முடியாது. சொல்லச் சொல்லு.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “பாலத்து மேட்டுல இறங்கித் தள்ளிக்கோ. செயின் இழுக்கும். இனிமே நான் சொல்ல மாட்டேன்ல” என்றது.

செசிலி அதன் ஹேண்டில்பாரைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையை ஆட்டினதும் மீரான் கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னான். “பஞ்சர்!”

வண்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. “அப்படின்னா என்ன? அதுக்கு எப்படி அழணும்?” என்றது மீன்வண்டி. ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒவ்வொன்றாகக் கலைந்து போய்விட்டன. மீரான் டியூபைக் கழற்றினான். எங்கே குத்தியது என்று வஸ்தியானைக் கேட்டால் பதில் இல்லை. சட்டித் தண்ணீரில் அமுக்கினான். ஓரிடத்தில் பொடிக் குமிழிகள் கிளம்பின. அங்கே ஒட்டுப் போட்டான்.

வெயில் சாய்வதற்குள் உப்பளத்தில் பிள்ளை பிறந்தது. செசிலி குடிசையிலிருந்து ஓடி வந்தாள்.

“ராசா, பொம்பளைப் பிள்ளைடா! அழுதுட்டாடா!”

சைக்கிள் சும்மா நின்றது. செசிலி அதன் பக்கத்தில் உப்புத்தரையில் உட்கார்ந்து அழுதாள். உள்ளே பிள்ளையும் அழுதுகொண்டிருந்தது. அவளுக்கு எந்த அழுகை எதற்கென்றே தெரியவில்லை.

சுருக்கமாக வேலை முடிகிறதென்றால் ஊர் விடுமா? ஒவ்வொரு கடையிலும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். மீன்வண்டிக்கு ‘டேமேஜ்’ ஆனது, தண்ணீர் வண்டிக்கு ‘லீக்’ ஆனது. ஒவ்வொன்றாக வாயடைத்துப் போயின. செசிலி மட்டும் முள்ளே குத்தாமல் வாரம் ஒருமுறை மீரானிடம் வருவாள். அவனும் ஒன்றும் கேட்காமல் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, வால்வைக் கொஞ்சம் தளர்த்திவிடுவான். குமிழி கிளம்புகிற இடத்தில் அவள் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்.

மனிதருக்குப் பட்டதை மட்டும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ‘ஃப்ராக்சர்’ என்று கேட்டுக்கொண்டு வந்தாலும், வீட்டு வாசலில் “கால் ஒடிஞ்சு போச்சே” என்று சொல்லித்தான் அழுகிறோம். பழத்தைத் தூக்கிக்கொண்டு நாலுபேர் விசாரிக்க வருகிறார்கள். வண்டிக்குத்தான் நாதியில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அந்த மத்தியானத்திலிருந்துதான், எந்த சைக்கிள் கடையிலும் டியூபைத் தண்ணீரில் அமுக்கினதும் கடைக்காரரும் வண்டிக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிகிறார்கள். எங்கே வலிக்கிறது என்று வண்டி இன்னும் அந்தத் தண்ணீரில் மட்டும்தான் சொல்கிறது.