நாற்காலியில் சாயாத கர்னல்

கர்னல் ஆஷ்கம் வாயைத் திறக்கும்போதெல்லாம் நாலு ஓட்டு குறைகிறது என்பது அவருடைய தேர்தல் ஏஜெண்டு கிரேலின் எண்ணம். வெல்டன் ஊர்ச் சந்தைக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தபோது ஓட்டு குறையவில்லை. ஒரு மாவு மில்லே கைவிட்டுப் போனது.

"போர்க்களத்தில் குண்டடிபட்டு நினைவில்லாமல் கிடந்தேன். என்னைக் காப்பாற்றியவனின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அவன் எங்கிருந்தாலும் வரட்டும். என் ஆற்றங்கரை மில் அவனுக்குத்தான்!"

கூட்டம் கைதட்டியது. கிரேல் மட்டும் கைதட்டவில்லை. கர்னல் ஒரு பிரபுவின் இரண்டாவது மகன். இங்கிலாந்துப் பிரபுக்கள் வீட்டில் பட்டம், மாளிகை, நிலம் எல்லாம் மூத்தவனுக்கே போய்விடும். இளையவனுக்குப் பட்டாளம், அது முடிந்தால் அரசியல். அத்தை விட்டுப்போன அந்த மில் ஒன்றுதான் கர்னலுக்கென்று இருந்த சொத்து.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷர்தான். விறைப்பாக உட்காருவார், நாற்காலியில் முதுகு சாய்த்து கிரேல் ஒருநாளும் பார்த்ததில்லை. பட்டாளத்து மிடுக்கு என்று ஊரே சொக்கிப்போயிருந்தது. ஓட்டுக் கேட்கக் கிளம்பினால் எல்லோருக்கும் முன்னால் போவார். போகிறவர் சும்மா போகமாட்டார். அடிக்கடி திரும்பி நின்று, பின்தங்கியவர்களைக் கையாட்டிக் கூப்பிட்டபடி பின்பக்கமாகவே நடப்பார். என்றைக்காவது மோட்டார் பஸ்ஸில் அடிபட்டுச் சாவார் என்று கிரேலுக்குப் பயம்.

கட்சிச் சுவரொட்டியில் கர்னல் எதிரியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். குண்டு அவர் மார்பில் பாய்ந்துகொண்டிருந்தது. அப்படி வரையச் சொன்னவர் கிரேல். எங்கே குண்டு பட்டது என்று அவர் கேட்கவில்லை, கர்னலும் சொல்லவில்லை.

மில்லைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் கர்னலின் படையில் இருந்தவர்கள்தான். இருந்தாலும் கிரேலுக்குச் சந்தேகப்படுவதே பிழைப்பு. எதிர்க்கட்சி அனுப்பிய ஆள் எவன் என்ற யோசனையோடுதான் மூவரையும் கர்னலின் அறைக்கு அழைத்தார்.

"எப்படிக் கொண்டுவந்தீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்."

ஹாப்ஸ் என்ற சார்ஜென்ட் முந்திக்கொண்டான். "மல்லாந்து கிடந்தாருங்க. மார்புல ரத்தம் கொட்டுச்சு. சட்டைப் பொத்தானைப் பிச்சுட்டு என் கைக்குட்டையை வெச்சு அமுக்கினேன். அப்புறம் தூக்கிட்டு ஓடியாந்தேன்."

மெரிக் என்பவன் கண்ணீரே விட்டான். "முதுகுல சுமந்தேங்க. அவர் மார்பு ரத்தம் என் கழுத்துல வழிஞ்சது இன்னும் மறக்கல."

மூன்றாமவன் டன். வேலையில்லாமல், பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமனாரின் மாட்டுக்கொட்டகையில் குடியிருப்பவன். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"குப்புறப் படுக்கவெச்சு இழுத்துட்டு வந்தேனுங்க."

"என்னது? பிரபு வீட்டுப் பிள்ளையை மூஞ்சி சேத்துல தேயத் தேய இழுத்தியா?" என்று கிரேல் கத்தினார்.

"ஆமாங்க. அப்படித்தான் கொண்டுவர முடிஞ்சது."

"ஏன்?"

டன் கர்னலைப் பார்த்தான். "அதை நான் சொல்றது முறையில்லைங்க."

கர்னலின் முகம் வெளுத்துவிட்டது.

"ஹாப்ஸுக்கே கொடுத்துடுங்க, கிரேல்" என்றார், தரையைப் பார்த்தபடி.

டன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கிரேலுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஹாப்ஸும் மெரிக்கும் சுவரொட்டியில் உள்ளதை அப்படியே ஒப்பித்துவிட்டார்கள். அந்தச் சுவரொட்டியோ கிரேல் சொந்தமாக இட்டுக்கட்டியது. அவர் கண் கர்னலின் நாற்காலிக்குப் போனது. இந்த மனுஷர் சண்டையிலிருந்து ஓடியவரோ? இவருக்காகவா இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினோம்? நினைக்கவே அவருக்குக் கசந்தது.

படிக்கிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள். கர்னலைக் காப்பாற்றியவன் யார்? அவர் எதற்குப் பயந்து மில்லை ஹாப்ஸுக்குக் கொடுக்கச் சொன்னார்? கிரேலின் சந்தேகம் சரிதானா?

விடை: காப்பாற்றியவன் டன். முதுகில் குண்டு பட்டவரைத்தானே குப்புறப் படுக்கவைப்பார்கள்? கர்னல் நாற்காலியில் சாயாததும் அந்தக் காயத்தால்தான். முதுகுக் காயம் என்றாலே புறமுதுகு காட்டி ஓடியவன் என்று ஊர் முடிவுகட்டிவிடும். அதற்குப் பயந்து அவர் உண்மையானவனை வெறுங்கையோடு அனுப்பினார். அது பெரிய தப்பு. ஆனால் கிரேலின் சந்தேகமும் தப்புதான். அவர் தெருவில் ஓடிப்போய் டன்னை நிறுத்தி, "உங்க கர்னல் பயந்து ஓடினாரா?" என்று கேட்டபோது டன்னுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரா? எங்களுக்கு முன்னால போயி, திரும்பி நின்னு, வாங்கடான்னு கூப்பிட்டாருய்யா. அப்பத்தான் எதிரி குண்டு முதுகுல பாஞ்சுது. நாங்கதான் பயந்துபோய்ப் பதுங்குகுழியை விட்டு ஏறல. அதை எந்த வாயால சொல்லுவேன்?" கிரேல் அதை அப்படியே கர்னலிடம் போய்ச் சொன்னார். மறுநாள் சந்தைக் கூட்டத்தில் கர்னல் சட்டையைக் கழற்றி ஊருக்கே முதுகைக் காட்டி நின்றார். பிறகு மில் சாவியை டன்னின் கையில் கொடுத்தார். எத்தனை ஓட்டு போயிற்று என்று கிரேல் அன்றைக்கு மட்டும் யோசிக்கவில்லை. அவர் சுவரொட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.