நூற்றுப் பத்தொன்பதாவது வாசல்

"நூத்திப் பதினெட்டு இடத்துக்கு எழுதிப் போட்டேன் சாமி. ஒரு இடத்துலருந்தும் கூப்பிடலை," என்றான் காசிலிங்கம்.

சாமி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது நூத்திப் பத்தொன்பதாவதா?"

"இல்ல. இங்க வேலை கேட்டு வரலை. ஏன் கூப்பிடலைன்னு கேக்க வந்தேன்."

"அதை அந்த நூத்திப் பதினெட்டு பேர்கிட்டல்ல கேக்கணும்."



அது ஒரு குன்று. இருநூற்றுப் பத்துப் படி. மேலே ஒரு மடம். மரம், காற்று, பறவை எல்லாம் இருந்தன. கதைக்கு அவை வேண்டாம்.

அந்த மடத்துப் பெண் துறவிதான் சாமி. பெயர் பூவாயி. வயது முப்பத்தொன்று. காசிலிங்கத்துக்கு முப்பத்தெட்டு. தன்னைவிட ஏழு வயது சின்னப் பெண்ணிடம் போய்ப் புத்தி கேட்பது அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வேலை பார்த்த மில்லை மூடிப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அவ்வளவு நாள் வீட்டில் உட்கார்ந்தவனிடம் கூச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

ஏறுவதற்கு முதல் நாள் அவன் மனைவி மரகதம் சொன்னாள்.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வேலை அமையலைன்னா, நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். கோவத்துல சொல்லலை. அவ படிக்கணும்ல."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவன் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் அவனுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க ஐந்து வாரம் இருந்தது.

காசிலிங்கம் ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினான்.

சாமி முழுதும் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"எல்லா இடத்துக்கும் இதேதானா?"

"இதேதான். நூறு காப்பி மொத்தமா ஜெராக்ஸ் போட்டேன். பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் போட்டேன்."

"எங்கெல்லாம் குடுத்தீங்க?"

"கூரியர் ஆபீஸ், ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மில்லுங்க. எதையும் விடலை."

சாமி காகிதத்தை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தார்.

"சமையல்காரர் நேத்து வேலையை விட்டுட்டுப் போயிட்டார். ஞாயிற்றுக்கிழமை சித்திரைப் பௌர்ணமி. இருநூறு பேர் சாப்பிடுவாங்க. ஆள் வேணும்னு கீழே சொல்லி அனுப்பியிருக்கேன். நாளைலருந்து வருவாங்க. வாசல்ல உட்கார்ந்து ஒருத்தரைப் பிடிச்சுக் குடுங்க."

"எனக்குச் சமையல் தெரியாதே சாமி."

"பசிக்குமா?"

"பசிக்கும்."

"போதும். உட்காருங்க."

அவனுக்கு எரிச்சல் வந்தது. அவன் கேட்டது ஒன்று, அவர் கொடுத்தது ஒன்று. இருந்தும் எழுந்து போகவில்லை. போய் எங்கே உட்காருவது?

கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"பேரிங் போகப்போகுது. மூணு நாள் தாங்கும்."

சாமியின் விரல் முறத்தில் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கல் பொறுக்கியது.

புதன்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள்.

முதல் ஆள் வந்தபோது காசிலிங்கம் எழுந்து நின்று கும்பிட்டான். மூன்றாவது ஆளுக்கு உட்கார்ந்தபடியே தலையாட்டினான். ஆறாவது ஆளுக்குக் கையை மட்டும் நீட்டினான்.

"ஐயா, எந்த வேலை குடுத்தாலும் செய்வேன்," என்றான் ஒருவன்.

"சமையல் வேலை."

"அதையும் செய்வேன்."

இன்னொருவன் சைனீஸ், பஞ்சாபி, செட்டிநாடு எல்லாம் வரும் என்றான்.

"இங்க பொங்கலும் சாம்பாரும்தான்."

"அதுவும் வரும்."

ஒருத்தன் கொடுத்த காகிதத்தில் 'உங்கள் நட்சத்திர விடுதியில் பணியாற்றுவது என் கனவு' என்று இருந்தது. காசிலிங்கம் மடத்தின் கூரையை நிமிர்ந்து பார்த்தான். நாலு ஓடு காணோம். சிரித்தான்.

சிரித்து முடித்ததும், ஜவுளிக்கடைக்குத் தான் கொடுத்த காப்பியில் எந்த இடத்தின் பெயர் இருந்தது என்று யோசித்தான். அதற்குமேல் யோசிக்கவில்லை.

கடைசியாக நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். காகிதத்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்ல வந்தது மாதிரி இருந்தது. காசிலிங்கத்துக்குப் பசி.

"கூப்பிடறோம்," என்றான்.

அவர் படியிறங்கிப் போனார்.

கூப்பிடறோம். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது சாமி கேட்டார்.

"யாரு?"

"ஒருத்தரும் தேறலை."

"பதினாலு பேர்லயுமா?"

"எல்லாரும் ஒரே மாதிரி சாமி."

"யார் முகமாவது ஞாபகம் இருக்கா?"

"ஒருத்தர் நீலச் சட்டை."

"பேரு?"

"காகிதத்துல இருக்கும்."

"நல்லா சமைப்பாரா?"

"நான் கேக்கலை."

சாமி ஊறுகாயை அவன் பக்கம் நகர்த்தினார்.

வியாழக்கிழமை காலையில் ஒரு அம்மா வந்தாள். காசிலிங்கம் கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி நேராக மடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

"ஏம்மா, எங்க போறீங்க? வேலைக்கா?"

"இருங்க தம்பி. அடுப்பைப் பாத்துட்டு வந்துடறேன்."

அவன் பின்னாலேயே ஓடினான். அவள் அடுப்பு முன்னால் நின்று முந்தானையைக் கொஞ்சம் பறக்கவிட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள்.

"புகை முழுக்கப் பந்தி மேல போகுமே. பழைய ஆள் எப்படிச் சமாளிச்சாரு?"

"தெரியலையே."

"நேத்து வந்து கீழ மண்டபத்துல உட்கார்ந்திருந்தேன். இதுக்கு முன்ன இங்க சாப்பிட்டவங்க கிட்டல்லாம் கேட்டேன். ருசியில குறை இல்லை, சோறு ஆறிப்போகுதுன்னாங்க. நீங்க வடிச்சுட்டுப் பந்தி வரைக்கும் தூக்குறீங்க. நான் பந்திக்குப் பக்கத்துலயே கல்லைக் கூட்டி அடுப்பு வெச்சு, கடைசிப் பானையை அங்கே வடிப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேரு?"

"இருநூறு."

"போன வருசம் சொன்னது எத்தனை, வந்தது எத்தனை?"

காசிலிங்கம் முழித்தான்.

"பரவால்ல. கேட்டு வையுங்க. நாளைக்குக் காலைல வந்து தெரிஞ்சுக்கறேன்."

நாலு படி இறங்கிவிட்டாள். காசிலிங்கம் மேலிருந்து கூப்பிட்டான்.

"அம்மா, உங்க பேரு என்ன?"

"ராக்கம்மா."

சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். போன வருஷம் இருநூறு என்று சொல்லி முந்நூற்று இருபது பேர் வந்திருந்தார்கள். அதைக் கேட்டதும் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானைகளை எண்ண ஆரம்பித்தாள். வேலை கொடுத்துவிட்டதாக அவளிடம் யாரும் சொல்லக்கூட இல்லை.

"நல்ல ஆள்," என்றார் சாமி. "ஆனா கைமணம்னு பாத்தா அந்த நீலச் சட்டைக்காரர்தான். படியிறங்கும்போதே எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. போன தையில கீழ ஒரு கல்யாணத்துல அவர் வெச்ச வத்தக்குழம்பு சாப்பிட்டேன். மூணு நாள் நாக்குல இருந்துச்சு."

காசிலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

"அப்ப ஏன் சாமி எங்கிட்டச் சொல்லலை?"

"அவரே சொல்லலையே."

அந்த நேரத்தில் மோட்டார் நின்றது.

ராக்கம்மா தண்ணீருக்குக் கத்தினாள். காசிலிங்கம் கிணற்றடிக்குப் போனான். மோட்டாரைக் கழற்றினான். கீழே கடைக்கு ஓடிப் புதுப் பேரிங்கும் அதை மாட்ட இரவல் சாமானும் கொண்டுவந்தான். இருநூற்றுப் பத்துப் படி, இரண்டு தடவை. மத்தியானத்துக்குள் தண்ணீர் வந்தது. இப்போது மோட்டார் ஓடுவதே தெரியவில்லை.

கையில் கிரீஸோடு அவன் வந்தபோது சாமி கேட்டார்.

"அன்னிக்கே எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் சொல்லுமே சாமி. மில்லுல பதினாறு வருசம் ஃபிட்டர். சும்மா நடந்து போனாப் போதும், எந்த மெஷின் நிக்கப்போகுதுன்னு காது சொல்லிடும். எங்க முதலாளி கண்ணை மூடிக்கிட்டு எங்கூட நடந்து பாப்பாரு. அவருக்கு ஒண்ணும் கேக்காது."

சொல்லும்போது அவன் சிரித்தான். பதினோரு மாதத்தில் அந்த மாதிரி சிரிக்கவில்லை.

சாமி உப்பு ஜாடியைத் தூக்கி, அடியில் இருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"படிங்க."

அவன் படித்தான். கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து பணிபுரிவேன். எந்த வேலையும் செய்யத் தயார்.

மறுபடி முதலிலிருந்து படித்தான்.

காகிதத்தில் கிரீஸ் கை பதிந்துவிட்டது. அதை மடித்துப் பையில் வைத்தான்.

"நான் கிளம்பறேன் சாமி."

"பௌர்ணமிக்கு இருக்கலையா?"

"இல்ல. கேக்க வேண்டியவங்க நிறையப் பேர் இருக்காங்க."

அந்தப் பதினான்கு காகிதத்தையும் வாங்கிக்கொண்டு இறங்கினான். கடைசிக் காகிதத்தில் ஒரு விலாசம் இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது தெரு. நீலச் சட்டைதான் கதவைத் திறந்தது. இன்றைக்கு வெறும் பனியன்.

"பிச்சைமணிங்கறது நீங்கதானே?"

"ஆமா."

"ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் வருவாங்க. மடத்துல சமைக்கிற ராக்கம்மாவுக்கு ஒரு கை வேணும். போய் அந்தக் கல்யாணத்து வத்தக்குழம்பைப் பத்திச் சொல்லுங்க."

"அதைப் போய் எப்படிங்க நம்ம வாயால..."

"நம்ம வாயாலதான்ணே."

அடுத்த வாரம் காசிலிங்கம் ஒரு காகிதமும் கொடுக்கவில்லை. மரகதம் ஏன் என்று கேட்டாள். டீ குடிக்கப் போகிறேன் என்றான். அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்று மில்லுக்கு எதிரே டீ குடித்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களோடு பேசினான். எங்கே ஃபிட்டர் போதவில்லை, எங்கே எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது, எல்லாம் அவர்களே சொன்னார்கள். யாரும் கேட்காததால்தான் அதுவரை சொல்லாமல் இருந்தார்கள்.

நாலாவது நாள், சாலையோரத்தில் இருந்த மில் வாசலில் போய் நின்றான். இங்கே அவன் முன்பே ஒரு தடவை வந்திருக்கிறான்.

காவலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பயோடேட்டாவா? அந்தப் பெட்டியில போட்டுட்டுப் போங்க. கூப்பிடுவாங்க."

பெட்டி நிரம்பி வழிந்தது. அதில் எங்கேயோ அடியில் அவனும் கிடப்பான்.

காசிலிங்கம் தலையைச் சாய்த்தான்.

"அண்ணே, அந்தச் சுவத்துல ஓடுதே பெரிய ஃபேன், அது எத்தனை நாளா இப்படிக் கத்துது?"

பேப்பர் கொஞ்சம் தணிந்தது.

"நாலஞ்சு நாளா. ஏன்?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்காது. அது நின்னா உள்ள சூடு ஏறும், நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். மெஷினுங்களை யாரு பாக்கறாங்க?"

காவலாளி ஃபேனைப் பார்த்தார். எழுந்து போனை எடுத்தார். ஒரு எண்ணை அழுத்தினார். யாரோ எடுத்தார்கள்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"உங்க பேரு என்ன?"