பதில் வருகிற வேலை

சங்கரன்கோவில் பக்கத்தில் கொம்பையாவின் குரலைக் கேட்காத ஆள் கிடையாது. ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள், குரலைக் கேட்டிருப்பார்கள். ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்கிறவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, அம்மன் கோயில் கொடை விழா, குடிதண்ணீர் வராத நாள், யாராவது தவறிவிட்டால் அந்தச் சேதி, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குப் போகும். சும்மா சொல்லக் கூடாது, கணீரென்று இருக்கும். மதியத் தூக்கத்தில் கிடக்கிறவன்கூட எழுந்து வாசலுக்கு வருவான்.

மனைவி இசக்கியம்மாள் இறந்த அன்றும் அவர்தான் மைக்கை எடுத்தார். பெயர் வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. மீதியை ஆட்டோ டிரைவர் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து தெருக்களைப் பார்த்துக்கொண்டே போனபோது கொம்பையாவுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருஷம் இந்த மைக்கில் பேசியிருக்கிறோம், ஒருத்தர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியதில்லை. திருப்பிப் பேச வீட்டில் இருந்த ஒரே ஆளும் போய்விட்டாள். இனி செய்தால் பதில் வருகிற வேலையாகச் செய்யவேண்டும்.

எப்போதோ தபாலில் படித்து வாங்கிய தமிழ்ப் பட்டம் பெட்டிக்குள் கிடந்தது. நாற்பத்தாறு வயதில் போய் பி.எட். சேர்ந்தார். பேரன் எடுக்கிற வயதில் பள்ளிக்கூடம் கேட்குதா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பி.எட். படிக்கிறவர்களைச் சில வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். கொம்பையாவுக்கு ஏழாம் வகுப்புத் தமிழ் கிடைத்தது. வழிகாட்ட எஸ்தர் டீச்சர். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். மாற்றலாகி வந்து, சொந்தபந்தம் இல்லாத ஊரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். கொம்பையா வகுப்பு எடுக்கும்போது கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து பார்ப்பார். நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார்.

முதல் நாள் வகுப்பு ஜோராக நடந்தது. கொம்பையா கேள்வி கேட்டார், ஏற்ற இறக்கத்தோடு அவரே பதிலும் சொன்னார். பக்கத்து வகுப்பில் இருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் நாளும் கை தட்டினார்கள். மூன்றாம் நாளும் தட்டினார்கள். ஒரு வாரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளைகூட அவரிடம் வாயைத் திறக்கவில்லை. மற்ற பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பில் கூச்சல் காதைப் பிளந்தது. தொண்டை கட்டிப்போய் வந்து, இதுகளை வைத்து மேய்க்க முடியவில்லை என்று புலம்புவார்கள். கேட்கக் கேட்கக் கொம்பையாவுக்குப் பொறாமையாக இருந்தது. எந்த வேலையை விட்டு வந்தாரோ அதே வேலையைத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு செய்கிறார் என்று பட்டது. இந்தப் பயிற்சி முடிவதற்குள் ஒரு பிள்ளையாவது தானாகப் பதில் பேசவில்லை என்றால் பேசாமல் ஆட்டோவுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார்.

அன்றைக்கு டீச்சரிடம் கேட்டேவிட்டார்.

“எல்லாரும் நல்லா நடத்துதீங்கன்னு சொல்லுதாங்க. பிள்ளைங்க ஏன் டீச்சர் எங்கிட்ட பேச மாட்டேங்கு?”

எஸ்தர் கைப்பையைத் துழாவி ஒரு கமர்கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“நாளைக்கு ஒரு கேள்வி கேட்டுட்டு இதை வாயில போட்டுக்கோங்க சார். கரைஞ்ச பிறகு பேசுங்க.”

“கடிச்சுச் சாப்பிடலாமா?”

“கடிக்கக் கூடாது.”

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் மிட்டாயைக் கொடுத்து உட்கார வைக்கிறாள் பார் என்று நினைத்தார். ஆனாலும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பறவைகளைப் பற்றிய பாடம். எங்கேயோ குளிர்தேசத்தில் இருக்கிற பறவைகள் நம் ஊர்க் குளத்தைத் தேடி ஏன் வருகின்றன என்று கேட்டார். கேட்டுவிட்டு, திரும்பி நின்று கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

வகுப்பு அமைதியாக இருந்தது. மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. பிள்ளைகள் புடைத்திருந்த அவர் கன்னத்தையே பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். கொம்பையாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மைக் பாதியில் நின்றுபோனால் நடுத்தெருவில் எப்படி வியர்க்குமோ அப்படி வியர்த்தது. கமர்கட்டானால் கல் மாதிரி கிடக்கிறது, கரைகிற வழியாக இல்லை.

கடக்.

கடித்து விழுங்கிவிட்டார். குளிரைப் பற்றி, இரையைப் பற்றி, குளத்தைப் பற்றிக் கடகடவென்று அவரே சொல்லி முடித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மத்தியான இடைவேளையில் எஸ்தர் வகுப்பிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். கொம்பையா நேராகப் போய் நின்று, தனக்கு இது ஒத்துவராது, நாளையிலிருந்து வரப்போவதில்லை, மிட்டாய்க்கு ரொம்ப நன்றி என்று படபடவென்று சொன்னார். குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது.

“முப்பிடாதி வாயைத் திறக்கப் போனா சார்,” என்றார் எஸ்தர். “அந்நேரம் நீங்க கடிச்சிட்டீங்க.”

கொம்பையா அப்படியே நின்றார்.

முப்பிடாதி யார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது பெஞ்சில் சுவரை ஒட்டி உட்காருகிற பிள்ளை என்று எஸ்தர் சொன்னார். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், பிள்ளை இங்கே சித்தி வீட்டில் வளர்கிறது, தன்னிடமே அது நாலு வார்த்தை பேசியதில்லை. இதைச் சொல்லிவிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்.

“வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க சார்?”

இதென்ன கேள்வி என்றுதான் கொம்பையாவுக்கு இருந்தது. கால் கழுவுவேன், காபி போடுவேன், சோறு வைப்பேன், துணி கிடந்தால் அலசிப் போடுவேன் என்று அறிவிப்பு மாதிரி அடுக்கினார். எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தார். கொம்பையா இன்னும் இரண்டு வேலையைச் சேர்த்தார். அதுவும் தீர்ந்துவிட்டது. எஸ்தர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை, டப்பாவிலும் கை வைக்கவில்லை. அவரைப் பார்த்தபடி சும்மா இருந்தார். வெளியே பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது.

“டி.வி.யைப் போடுவேன்,” என்றார் கொம்பையா.

எஸ்தர் தலையை ஆட்டினார்.

“பாக்க மாட்டேன் டீச்சர். சத்தத்துக்குப் போடுவேன். செருப்பைக் கழத்துததுக்கு முன்னாடி அதைப் போட்டிருவேன். சும்மா கெடக்கிற வீட்டுக்குள்ள எப்படிப் போறது?”

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எத்தனையோ பேர் எப்படி இருக்கீங்க என்று கேட்டிருக்கிறார்கள். கேட்ட வாயோடு, எல்லாம் நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று அவர்களே சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அவர் வாயைத் திறக்கிற வரைக்கும் யாரும் இருந்ததில்லை. இப்போது கண் கலங்குவது அவருக்கே வெட்கமாக இருந்தது.

எஸ்தர் டப்பா மூடியில் பாதி எலுமிச்சைச் சோற்றை வைத்து அவர் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

கொம்பையா மறுநாளும் வந்தார். அன்றைக்குக் கடைசிப் பீரியட் அவருடையது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நினைப்பில் நெளிந்துகொண்டிருந்தார்கள். நேற்றைய பாடத்தில் விட்ட இடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இங்க இரை கிடைக்கு, தண்ணி கிடக்கு, குளிரும் இல்ல. பெறகு ஏன் அந்தப் பறவை இங்கேயே இருந்துராம திரும்பிப் போகுது?”

கேட்டுவிட்டு நின்றார்.

பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் முதலில் அவரே சொல்லுவார் என்று காத்திருந்தார்கள். சொல்லவில்லை என்றதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒரு பையன் திரும்பி எஸ்தரைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பூட்டைத் திறக்கும்போது வருகிற அதே பயம் கொம்பையாவுக்கு இப்போதும் வந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை, நின்றார்.

மூன்றாவது பெஞ்சில் சுவரை ஒட்டி இருந்த பிள்ளை எழுந்தது. எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றது. கொம்பையா காத்திருந்தார்.

“அங்க அதைத் தேடுவாங்கல்லா, சார்,” என்றாள் முப்பிடாதி.

புத்தகத்தில் இருக்கிற பதில் அது இல்லை. கொம்பையா நாக்கில் இருந்த பதிலும் அது இல்லை. அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார், பிள்ளை அவரைப் பார்த்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தார். ஊரையே எழுப்புகிற குரல் எழும்பவில்லை.

அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன் கூடு அங்கேதானே இருக்கிறது என்றான். கூடு இருந்தால் என்ன, மழைக்கு விழுந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. அதற்கு வழி எப்படித் தெரியும் என்று மூன்றாவது ஆள் கேட்டான். அப்புறம் யார் பேசினார்கள், யார் கேட்டார்கள் என்று தெரியாதபடி வகுப்பே இரைந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து என்ன சத்தம் என்று பார்த்துவிட்டுப் போனார். மணி அடித்தபோது பிள்ளைகள் பேசிக்கொண்டேதான் வெளியே போனார்கள். யாரும் கை தட்டவில்லை.

எல்லாரும் போன பிறகு எஸ்தரும் கொம்பையாவும் வராந்தாவில் நின்றார்கள். கொம்பையா ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால் வாசல் பக்கம் நகரவில்லை.

“அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை நல்லதுன்னு சொல்ல வரல டீச்சர்.”

“உக்காரும்போது அவ சிரிச்சா சார்.”

“பாத்தேன்.”

கடைசிப் பிள்ளையும் வாசலைத் தாண்டிப் போனது. பள்ளிக்கூடம் காலியாகிவிட்டது. கொம்பையா அந்த வெற்று மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“என்னைத் தேட ஆளில்ல டீச்சர்.”

  அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்கள்.

“நாளைக்கு முதல் பீரியடே ஏழாம் வகுப்புக்குத் தமிழ்தான் சார்,” என்றார் எஸ்தர். “பிள்ளைங்க ஒன்பது மணிக்கெல்லாம் வந்துருவாங்க.”